படம் என்னும் துணி: மேடைக் காட்சிப் படங்களின் வரலாறும் ஜனக்புரியின் ஒளித்திரையும்

1. இரண்டு ஜனகபுரிகள்

மேற்குத் தில்லியின் ஜனக்புரி, தில்லி வளர்ச்சி ஆணையம் 1970-களில் உருவாக்கிய குடியிருப்பு. ஜனகனின் நகர் என்பது பெயரின் பொருள். சீதை பிறந்த மிதிலைக்கு வட இந்திய இராமலீலை மரபில் வழங்கும் பெயர்களுள் ஒன்றுதான் இங்கே சாலைகளுக்கும் வீட்டுத் தொகுதிகளுக்கும் மெட்ரோ நிலையங்களுக்கும் வந்து அமர்ந்திருக்கிறது. இராமலீலை நாட்களில் இப்பெயர் ஒரு விந்தையான நிலையை அடைகிறது. வில் முறியும் காட்சி வரும்போது மேடையில் இருப்பதும் ஜனகபுரி; அதைப் பார்த்துக்கொண்டு திடலில் அமர்ந்திருப்போரின் ஊரும் ஜனக்புரி.

அவ்விரண்டுக்கும் நடுவில், நடிகர்களின் முதுகுக்குப் பின்னால், இப்போது எல்இடி திரை நிற்கிறது. அதில் தோன்றும் அரண்மனையைச் சற்று உற்றுப் பார்த்தால் அது எந்த நகருக்கும் உரியதன்று என்பது புலப்படும். பளிங்குத் தூண்கள், செந்நிறக் கம்பளம், வளைவுகள், தொங்கும் சரவிளக்கு. தில்லியின் பல மேடைகளில் அயோத்திக்கும் அதே அரண்மனை, மிதிலைக்கும் அதே, இலங்கைக்கு மட்டும் பொன்னிறம் கொஞ்சம் கூடும். வாடகைக்கு வந்த கணினியில் முன்பே நிரப்பப்பட்டிருந்த படம் அது. மேடைக்கு வருமுன் அது யாருக்காகவும் வரையப்பட்டதன்று.

இந்த நிலை எல்இடி திரையோடு பிறந்ததா? இல்லை. மேடைக்குப் பின்னால் படம் வைக்கும் வழக்கம் எங்கெல்லாம் தோன்றியதோ, அங்கெல்லாம் 'பொதுப் படம்', 'தனிப் படம்' என்ற இரண்டும் சேர்ந்தே தோன்றியுள்ளன. ஒவ்வொரு புதிய கருவியும் முதலில் பொதுப் படத்தைக் கொண்டுவருகிறது. பின்னர் யாரோ ஒருவர் தம் மேடையை அளந்து, தம் கதைக்கென ஒரு படத்தைச் செய்கிறார். மேடைப் படக்கலையின் வரலாறு அந்த இரண்டாமவரின் வரலாறு. அவருடைய பெயர்தான் பெரும்பாலும் எழுதப்படாமல் போயிற்று.

2. சொல் காட்டும் வரலாறு

தமிழில் 'படம்' என்ற சொல் தொடக்கத்தில் ஓவியத்தைக் குறித்ததன்று, துணியைக் குறித்தது. வடமொழியின் 'பட' என்ற சொல்லும் துணியே. துணிமேல் எழுதியதால் எழுதப்பட்டதும் படம் எனப்பட்டது. பிறகு துணி மறைந்து எழுதியது மட்டும் எஞ்சியது. இன்று தாளில் இருப்பதும் படம், கைப்பேசியில் இருப்பதும் படம். 'திரை'யும் அவ்வாறே. அலைக்கும், தோலின் சுருக்கத்துக்கும், தொங்கும் துணிக்கும் ஒரே சொல். அலையலையாக மடிந்து தொங்குவது அவற்றுக்குப் பொதுவான தன்மை. 'திரைப்படம்' என்று சொல்லும்போது இரண்டு துணிகளை அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறோம்; துணியின் நினைவு மட்டும் நம்மிடம் இல்லை.

இந்தச் சொல் வரலாற்றில் மேடைத் தொழிலுக்கான அடிப்படை விதி ஒன்று உள்ளது. பரப்பு முதலில், உருவம் பிறகு. எதன்மேல் படம் விழப்போகிறது, அதன் அகலம் என்ன, உயரம் என்ன, அதற்கு முன்னால் யார் நிற்பார், எங்கிருந்து ஒளி வரும் என்பவை தெரியாமல் மேடைக்குப் படம் செய்ய இயலாது. அருங்காட்சியகத்தின் ஓவியம் தன் சட்டகத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். மேடைப் படத்துக்கு அந்த உரிமை இல்லை.

3. கோல் அளவு

இந்த விதியைத் தமிழ் மரபு நெடுநாள் முன்பே அறிந்திருந்தது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சான்று. மாதவி ஆடப்போகும் அரங்கைச் சொல்லும் இடத்தில், ஆடலின் அழகுக்கு முன்பாக அளவுகோல் வருகிறது. மூங்கிலிலிருந்து கோல் எடுத்து, இருபத்து நான்கு விரல் நீளமாக அதை வரையறுத்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கு அமைக்கப்படுகிறது. மேலே இடும் பலகைக்கும் கீழே உள்ள தளத்துக்கும் இடைவெளி நான்கு கோல். புகவும் புறப்படவும் இரண்டு வாயில்கள்.

பிறகு வருவது விளக்கு. தூணின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை நிறுத்த வேண்டும் என்கிறது காப்பியம். இன்றைய ஒளியமைப்பாளர் ஒத்திகை நாளில் முதலில் செய்யும் வேலையும் இதுதான். மூன்று வகை எழினிகளும் சொல்லப்படுகின்றன: ஒருபுறமிருந்து வருவது, இருபுறமிருந்து வந்து பொருந்துவது, மேலிருந்து மறைவாக இறங்குவது. அரங்கின் மேல் ஓவியம் தீட்டிய விதானம்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். அளவு, பின் ஒளி, பின் துணி, பின் ஓவிய விதானம். அளவுதான் முதலில் வருகிறது. மீடியா சர்வருக்குப் படம் செய்யும் இன்றைய தொழிலிலும் இவ்வரிசை மாறவில்லை. மாற்றியவர்கள் நிகழ்ச்சி நாளன்று மேடையில் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

4. படமே வேண்டாத மேடை

திரையே இல்லாமல் ஜனகபுரியைக் காட்டும் மரபும் இங்கு உண்டு. காசிக்கு எதிர்க்கரையில் இராமநகர் இராமலீலை ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் காசி அரசர்களின் ஆதரவில் வளர்ந்த இதில் ஒலிபெருக்கியும் இல்லை, மின்விளக்கும் இல்லை, தீப்பந்தமும் பெட்ரோமாக்சும்தான். அயோத்தி, ஜனகபுரி, இலங்கை எல்லாம் ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் நிலையாக உள்ள இடங்கள். கதை நகரும்போது பார்வையாளர்களும் நடந்து அடுத்த நகருக்குச் செல்கிறார்கள்.

ஆக்ராவில் இன்னொரு வழக்கம். இராமனின் மணவூர்வலத்தை ஒட்டி ஆண்டுதோறும் நகரின் ஒரு பகுதி 'ஜனகபுரி'யாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அப்பகுதி முழுதும் தோரணங்களாலும் மின்விளக்குகளாலும் அரண்மனையாகிறது. சில நாட்களுக்கு அங்குள்ளோர் மிதிலைவாசிகள், பெண்வீட்டார்.

இவ்விரண்டு மரபுகளிலும் இடமே படம். அந்த ஊருக்கு, அந்தத் தெருவுக்கு மட்டுமே உரிய படம். இடம் பெயர்ந்து செல்லும் நாடகக் குழுவுக்கு இந்த வசதி இல்லை. அது தன் ஊரைச் சுருட்டி வண்டியில் ஏற்றியாக வேண்டும். அங்கேதான் வரைந்த திரை பிறக்கிறது.

5. தெரு, காடு, தர்பார்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் இந்தியா முழுதும் சுற்றின. அவற்றின் வழியே சட்டகமிட்ட மேடையும், உருளையில் சுருண்டு ஏறி இறங்கும் வண்ணத்திரையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தெருக்கூத்தில் இருவர் பிடித்த துணி, நடிகரின் வருகையை மறைத்துக் காட்டும் கருவியாக இருந்தது. புதிய திரை இடத்தைக் காட்டும் கருவி ஆயிற்று.

கம்பெனி நாடகங்களின் திரைகளை நினைவில் வைத்திருப்போர் முதலில் சொல்லும் பெயர்கள் தெரு, காடு, தர்பார், தோட்டம் என்பவை. இவை பொதுத் திரைகள். அரிச்சந்திரனின் காடும் நளனின் காடும் ஒரே காடு. வள்ளியின் தோட்டத்தில்தான் சகுந்தலையும் பூப்பறித்தாள். ஒரு கம்பெனி பல நாடகங்களை நடத்த வேண்டும். வண்டியில் இடம் குறைவு. திரை எழுதக் கூலியும் துணியும் செலவு. பொதுத் திரை ஒரு பொருளாதாரத் தீர்வு. அதைக் குறைகூறுவதற்கில்லை.

ஆனால் காட்சியையே தன் புகழுக்கு அடிப்படையாக வைத்த குழுக்கள் அத்துடன் நிற்கவில்லை. சி. கன்னையாவின் தசாவதாரம், நவாப் ராஜமாணிக்கத்தின் பக்தி நாடகங்கள், பின்னாளில் ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் நடத்திய இலங்கேஸ்வரன் முதலிய புராண நாடகங்கள் காட்சியமைப்புக்காகவே மக்கள் திரண்டவை. அந்நாடகத்துக்கென்றே செய்த காட்சி, அந்நாடகத்துக்கென்றே செய்த தந்திரம் என்பது அவற்றின் ஈர்ப்பு.

எழுதியவர்கள் யார்? பெரும்பாலோர் பெயர் இல்லை. தப்பிப் பிழைத்த பெயர்களுள் ஒன்று சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவோடு திரை எழுதிச் சுற்றியவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சேறி, நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. நாடகத் திரைக்குப் பழகிய கை அந்நாட்காட்டிப் படங்களில் தெரியும்: முன்னால் நேர்நோக்கி நிற்கும் உருவம், பின்னால் தூணும் திரைச்சீலையும் தொலைவில் மலையும் நீரும்.

இந்த ஓட்டம் இங்கே நிற்கவில்லை. நாட்காட்டித் தெய்வத்தின் அதே நிற்கும் முறையும் அதே ஒளிவட்டமும் அதே பின்புலமும் இன்று கணினி வரைகலையாகி எல்இடி திரையில் மீண்டும் மேடைக்கு வந்திருக்கின்றன. மேடையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து மேடைக்குமாக ஒரு சுற்று முடிந்திருக்கிறது. வரைந்தவர்களின் பெயர் அந்தச் சுற்றில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

6. கண்ணாடியும் ஒளியும்

துணியில் எழுதிய படம் ஒளியைப் பெற்றுக்கொள்வது. ஒளியையே படமாக்கும் முயற்சி கண்ணாடி வில்லைகளோடு தொடங்கியது. ஐரோப்பாவில் மாயவிளக்கு வில்லைகள் பட்டியல் போட்டு விற்கப்பட்டன. புனிதக் கதைகள், பயணக் காட்சிகள், வேடிக்கைகள் என எதுவும் வாங்கலாம். பொதுப் படத்தின் புதிய வடிவம் அது. பம்பாய்க்கு அருகே கல்யாணில் மகாதேவ் பட்வர்த்தன் வேறு வழி சென்றார். 1892-இல் அவர் தொடங்கிய 'சாம்பரிக் கரோலிகா' காட்சிக்கான வில்லைகள் கையால் தீட்டப்பட்டவை. உருவங்களைப் பல நிலைகளில் தனித்தனி வில்லைகளில் வரைந்து, ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகளால் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுத்தடுத்தும் வீழ்த்தி, அசைவைத் தோற்றுவித்தார். லூமியேர் சகோதரர்களின் திரைப்படம் 1896-இல் பம்பாய்க்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு இது நடந்தது. பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே காட்சியாக்குவது இன்றைய மீடியா சர்வரின் அடிப்படைச் செயல். பட்வர்த்தன் அதைச் சாயத்தாலும் கண்ணாடியாலும் செய்தார் என்று கூறுவது மிகையாகாது.

மேடை நாடகத்துக்குள் அசையும் படத்தைக் கொண்டுவந்தவர்களுள் பெர்லினின் எர்வின் பிஸ்காட்டர் முதன்மையானவர். 1920-களில் அவர் நடிகர்களோடு திரைப்படத் துண்டுகளையும் சேர்த்து அரசியல் நாடகங்களை நடத்தினார். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாவின் 'லாத்தெர்னா மாகிகா' அரங்கேறியது. யோசெஃப் ஸ்வொபொதா வடிவமைத்த அந்த மேடையில் உயிருள்ள ஆடலரும் படத்தில் உள்ளோரும் ஒருவரோடொருவர் உரையாடினர். அதற்கான படம் அந்த மேடையின் அளவுக்கும் அந்த ஆடலரின் அடிவைப்புக்கும் ஏற்ப எடுக்கப்பட்டது. வேறு மேடையில் அதற்குப் பொருளில்லை.

இந்தியாவில் ஒளியாலேயே காட்சி எழுதியவர் தாபஸ் சென் (1924–2006). அசாமில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். பிறகு கல்கத்தா மேடையின் ஒளியமைப்பாளரானவர். 1959-இல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நீர் ஏறுவதையும், அதே காலத்தில் 'சேது' நாடகத்தில் இரயில் விரைந்து கடப்பதையும் அவர் விளக்குகளைக் கொண்டு காட்டினார். வண்ணத்திரை செய்ய வேண்டியதை நிழலும் அசைவும் செய்தன. தில்லியிலோ, தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்த இப்ராகிம் அல்காசி 1963-இல் 'அந்தா யுக்' நாடகத்தை பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே நடத்தினார். போர் முடிந்த நகருக்கு உண்மையான சிதைவே பின்புலம். இராமநகரின் மரபு வேறொரு வடிவில் தலைநகருக்கு வந்தது எனலாம்.

7. விளக்காக மாறிய படம்

1986-இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்ப அமைப்பு டிஎம்எக்ஸ் 512 என்னும் பொது மொழியை வகுத்தது. ஒரு கம்பியில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. விளக்கின் அழுத்தம், நிறம், திசை எல்லாம் இந்த எண்களால் ஆளப்பட்டன. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஹை எண்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கேட்டலிஸ்ட்' இந்த மொழியைப் படத்துக்கும் கற்பித்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் பீட்டர் வின் வில்சன். 1960-களில் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் மேடையில் வண்ண வில்லைகளால் ஒளிக்காட்சி நடத்தியவர். மென்பொருளை எழுதியவர் ரிச்சர்ட் பிளீஸ்டேல்.

இதன் விளைவு பெரிது. அதுவரை விளக்கு ஒருவர் கையிலும் படம் இன்னொருவர் கையிலும் இருந்தன. இப்போது ஒளிப்பலகையில் அமர்ந்தவருக்குப் படமும் ஒரு விளக்கு. ஒரு தடம் கோப்புறையின் எண்ணைச் சொல்லும். அடுத்த தடம் அதற்குள் கோப்பின் எண்ணைச் சொல்லும். மற்றவை ஒளியளவு, நிறம், வேகம், இடம். அதனால்தான் மீடியா சர்வருக்குச் செல்லும் கோப்புகளின் பெயர் எண்ணில் தொடங்குவது வழக்கமாயிற்று. 'மிதிலை' என்ற சொல்லை ஒளிப்பலகை அறியாது. மூன்றாம் கோப்புறையின் பன்னிரண்டாம் கோப்பை அறியும்.

மீடியா சர்வர்கள் ஆயத்தப் படத் தொகுப்போடுதான் வருகின்றன: நெருப்பு, நீர், மேகம், வண்ணப் புள்ளிகள், சுழலும் வடிவங்கள். நல்ல தொகுப்புகள்தாம், அவசரத்துக்கு உதவுபவை. தெரு, காடு, தர்பார் திரும்பி வந்துவிட்டன என்பதே அதன் வரலாற்றுப் பொருள். இவற்றோடு தனிப் படத்தைச் சேர்க்கவும் அதே கருவி வழிவிடுகிறது. 2010 அக்டோபர் 3 அன்று தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்த காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழா நல்ல எடுத்துக்காட்டு. அரங்கின் நடுவே மிதந்த மாபெரும் ஹீலியம் வான்கலத்தின் வளைந்த பக்கங்களில் சுற்றிலும் படங்கள் வீழ்த்தப்பட்டன. அத்தகைய வளைவுக்கென ஆயத்தப் படம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

8. ஒரு மீட்டருக்கு 256

பெருவிழாவை விட்டுச் சிறிய மேடைக்கு வரலாம். ஜனக்புரியில் மேடைகளுக்குக் குறைவில்லை. 2014-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட், இசையை மையக் கருவாகக் கொண்டது. அதில் அரங்கமும் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று இப்பகுதியில் உள்ளது. இவற்றைப் போன்ற ஒரு மேடையில் சீதையின் மணத்தை நாட்டிய நாடகமாக நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பின்னால் 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள எல்இடி திரை.

அத்திரை அரை மீட்டர் சதுரப் பலகைகளால் ஆனது: குறுக்கே 16, நெடுக்கே 8, மொத்தம் 128 பலகைகள். புள்ளி இடைவெளி 3.9 மில்லிமீட்டர் எனில் ஒரு பலகையில் 128-க்கு 128 பிக்சல்கள். முழுத் திரைக்கு 2048-க்கு 1024. அதாவது இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். இணையத்தில் கிடைக்கும் காணொளிகளோ பெரும்பாலும் 1920-க்கு 1080. அதைத் திரைக்கு இழுத்துப் பொருத்தினால் எல்லாம் எட்டில் ஒரு பங்கு பருத்துவிடும். முழுநிலவு முட்டையாகும், தேர்ச்சக்கரம் நசுங்கும். இழுக்காமல் அகலத்துக்குப் பொருத்தினால் உயரத்தில் 128 பிக்சல் வெட்டுப்படும்; சரியாக ஒரு பலகை வரிசை. கோபுரத்தின் கலசம் போகும். அல்லது அரண்மனையின் படிக்கட்டு போகும்.

தனியாகச் செய்பவர் இந்த எண்களிலிருந்து தொடங்குகிறார். அரை மீட்டருக்கு 128 எனில் ஒரு மீட்டருக்கு 256 பிக்சல். அரங்கேற்று காதையின் கோலுக்கு இருபத்து நான்கு விரல். இந்த மேடையின் கோலுக்கு 256 புள்ளி. இனி எல்லாவற்றையும் மனித அளவில் வரையலாம். ஜனகனின் அரண்மனை வாயில் இரண்டேகால் மீட்டர் உயரமாகத் தோன்ற வேண்டுமா? 576 பிக்சல். திரை மேடைத் தளத்திலிருந்தே தொடங்கினால், நடிகையின் கண் உயரமான ஒன்றரை மீட்டர் அடியிலிருந்து 384-ஆம் பிக்சலில் வரும். தொடுவானக் கோடு அங்கே அமைய வேண்டும். அப்போதுதான் அவர் அந்த நகருக்குள் நிற்பது போலிருக்கும். ஆயத்தப் படத்தில் வாயில் நான்கு மீட்டராக இருக்கும், அல்லது நடிகையின் தோளளவே இருக்கும். சீதை அங்கே விருந்தினராகத்தான் நிற்க முடியும்.

அடுத்தது இருள். எல்இடி திரையில் கருப்பு என்பது அணைந்த விளக்கு, உண்மையான இருள். புரொஜெக்டரில் கருப்பு என்பது வெண்திரைமேல் மேடையின் சிதறிய ஒளி, அது சாம்பல்தான். ஆகவே எதன்மேல் விழப்போகிறது என்று தெரியாமல் இரவுக்காட்சியைத் தீட்ட முடியாது. எல்இடி திரையில் வெண்மை மிகுந்தால் முன்னால் நிற்பவர் நிழலுருவமாகிவிடுவார், முகபாவம் போய்விடும். பரதம் ஆடுபவருக்கு முகம் போனால் பாதி போயிற்று. திரைக்கு நடுவே, ஆடுமிடத்துக்கு நேர்ப்பின்னால், படத்தை அடக்கமாகவும் இருளாகவும் வைத்து, விவரங்களை மேலும் ஓரங்களிலும் வைப்பது இதனால்தான். தூணின் நிழலைப் புறத்தே அனுப்பிய அதே கவலை.

பிறகு காலம். ஆலாபனை ஒரு நாள் இரண்டு நிமிடம் நீளும். இன்னொரு நாள் மூன்று. படம் அதற்குள் முடிந்து துள்ளித் தொடங்கக் கூடாது. ஆதலால் கடைசிச் சட்டகமும் முதல் சட்டகமும் பொருந்தும்படி வளையமாகச் செய்யப்படுகிறது. கோப்பின் வகையும் முக்கியம். கைப்பேசிக் காணொளிகள் பெரும்பாலும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறியதை மட்டும் சேமிப்பவை; அளவு சிறியது, ஆனால் நடுவில் தாவவும் பின்னோக்கி ஓடவும் தடுமாறும். மேடைக்கு ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக வைத்திருக்கும் ஹாப், டிஎக்ஸ்வி போன்ற வகைகள் ஏற்றவை. கோப்பு பெரிதாகும், ஆனால் நட்டுவனாரின் தட்டுக்கு உடனே வரும். ஹாப் வகைக்கு அகலமும் உயரமும் நான்கால் வகுபட வேண்டும் என்பது போன்ற சிறு விதிகளும் உள்ளன. இவற்றைத் தெரிந்திருப்பது தச்சர் மரத்தின் போக்கைத் தெரிந்திருப்பது போன்றது.

9. கொடிகள்

இத்தனை உழைப்பும் எதற்கு? கம்பன் ஒரு விடை தருகிறான். மிதிலைக் காட்சிப் படலத்தில் இராமன் நகரை அணுகும்போது முதலில் தெரிபவை மதில்மேல் அசையும் கொடிகள். திருமகள் இங்கே பிறந்திருக்கிறாள், விரைந்து வா என்று நகரம் கைகளை நீட்டி அழைப்பது போல அவை அசைகின்றன. வேறெந்த நகரின் கொடிக்கும் அந்த வேலை இல்லை. அயோத்தியின் கொடி யாரையும் அப்படி அழைக்கத் தேவையில்லை; இலங்கையின் கொடி அழைத்தால் பொருள் வேறாகிவிடும்.

மிதிலைக்கென்று படம் செய்பவர் அரண்மனையை வரையாமலும் விடலாம். இருண்ட பின்புலத்தில், திரையின் மேல்விளிம்பில், மெதுவாக அசையும் சில கொடிகள். அசைவின் திசை இராமன் நுழையும் பக்கம் நோக்கியதாக. அதற்குத் தூண்களும் சரவிளக்கும் வேண்டா. ஆனால் இராமன் மேடையின் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவான் என்பது தெரிந்திருக்க வேண்டும். தொகுப்பில் உள்ள எந்தப் படத்துக்கும் அது தெரியாது.

தலைநகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் தமிழைக் கேட்டு அறிவர். கம்பனை எழுத்தில் படிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. அவர்களுக்கு மிதிலை என்பது பள்ளி ஆண்டு விழாவின் திரையில் தோன்றும் மிதிலைதான். அந்தத் திரையில் எந்த நகரத்துக்கும் உரியதல்லாத அரண்மனை தோன்றினால் அவர்கள் நினைவில் தங்குவது அதுவே. காப்பியம் அவர்களைச் சென்றடையும் வழிகளுள் ஒன்று அங்கே மூடிக்கொள்கிறது.

10. சுருட்டி வைக்கப்படாத திரை

கம்பெனி நாடகத் திரைகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. துணி மட்கும், சாயம் உதிரும், கம்பெனி கலைந்ததும் திரை பந்தலுக்கும் மூட்டைக்கும் போனது. இருப்பினும் துணிக்கு ஓர் ஆயுள் இருந்தது. சுருட்டி ஒரு மூலையில் வைத்தால் சில பத்தாண்டுகள் கிடக்கும். மீடியா சர்வரின் படத்துக்கு அதுவும் இல்லை. வாடகைக் கணினி மறுநாள் வேறு திருமணத்துக்கோ விழாவுக்கோ போகிறது. இடம் வேண்டி முந்தைய கோப்புறை அழிக்கப்படுகிறது. கோப்பு மட்டும் எங்கேனும் தப்பினாலும், எந்தத் திரைக்காக, எந்த மேடைக்காக, எந்தப் பாட்டுக்காக அது செய்யப்பட்டது என்பது தெரியாவிட்டால் அது பரப்பை இழந்த படம்.

'கோப்பு' என்ற சொல் கோத்தல் என்பதிலிருந்து வந்தது. தனித்தனியானவற்றை ஒரு நூலில் கோத்து வைப்பதே கோப்பு. மேடைப் படத்தோடு கோக்கப்பட வேண்டியவை மிகச் சில: திரையின் அகல உயரம், பிக்சல் அளவு, நிகழ்ச்சியின் பெயரும் நாளும் இடமும், எந்த அடிக்கு எந்தப் படம் என்ற குறிப்பு, செய்தவர் பெயர். ஒரு பக்கத்தில் அடங்கும் செய்தி. அழைப்பிதழில் பாடியவர், வாசித்தவர், ஒப்பனை செய்தவர் பெயர்களோடு படம் செய்தவர் பெயரும் ஒரு வரி இடம்பெற்றால் இந்த வரலாற்றின் அடுத்த இயல் பெயர்களோடு எழுதப்படும்.

அடியார்க்கு நல்லாரின் உரை இருப்பதால் அரங்கேற்று காதையின் எழினிகளைப் பற்றி இன்று பேச முடிகிறது. அந்த எழினிகளுள் ஒன்றும் இன்று இல்லை. அளவும் வகையும் எழுதப்பட்டதால் அவை இருக்கின்றன. கோவில்பட்டிக்கு வருமுன் கொண்டைய ராஜு எழுதிய திரைகளுக்கு அப்படி ஓர் உரையாசிரியர் வாய்க்கவில்லை. ஜனக்புரியின் மேடையில் இந்த ஆண்டு அசையப்போகும் கொடிகளுக்கு வாய்க்குமா என்பது, நிகழ்ச்சி முடிந்த இரவில் கணினியை அணைக்கும் முன் யாரேனும் ஒருவர் செலவிடும் பத்து நிமிடத்தைப் பொறுத்தது.